கைக்குழந்தை தூக்கம்: மாசமா இருக்கறப்பவே தெரிஞ்சுக்க வேண்டிய தவறுகள்

நைட்டு எத்தன தடவ எந்திரிக்குதுன்னு எண்றதயே விட்டுட்டோம்னு சொல்ற அம்மா அப்பாக்கள நான் நிறைய பாக்கறேன். குழந்தைக்கு அஞ்சாறு மாசம் ஆகியிருக்கும், ரெண்டு பேருக்கும் கண்ணு உள்ள போயிருக்கும், ஒரு பேச்ச ஆரம்பிச்சா முடிக்க முடியாத அளவுக்கு அசதி. மாசமா இருக்கறவங்களுக்கு நடக்கற கிளாஸ்ல குழந்தை தூக்கத்தப் பத்தி பேசறதுதான் என் வேலை, நானும் ரெண்டு பெத்தவ, அதனால அந்த அசதி எனக்கு நல்லாவே தெரியும். அவங்களுக்கு நான் சொல்ற பதில்ல முக்கால்வாசி ரொம்ப சாதாரண விஷயம், ஆனா அத விடியக்காலம் மூணு மணிக்கு குழந்தை வீல் வீல்னு கத்திட்டு இருக்கறப்ப யாராலயும் கத்துக்க முடியாது. வயித்துல இருக்கறப்பவே, தலை தெளிவா இருக்கறப்பவே கத்துக்கணும். பிரச்சனை வந்தப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப்போடறதுதான் முதல் தவறு, மத்ததுல பாதி அதுலேர்ந்துதான் முளைக்குது.

இத ஆராய்ச்சி பண்ணியும் பாத்திருக்காங்க. 1992-ல ஏமி வுல்ஃப்சனும் அவங்க கூட இருந்தவங்களும் பிரசவ கிளாஸுக்கு வந்த 60 ஜோடிய, எல்லாருக்கும் அது தலைக்குழந்தை, ரெண்டு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு மட்டும் குழந்தை தூக்கத்தப் பத்தி 4 கிளாஸ் எடுத்தாங்க. குழந்தைங்களுக்கு 6லேர்ந்து 9 வாரம் ஆனப்ப பாத்தா, கிளாஸ் கேட்டவங்க வீட்டுக் குழந்தைங்க நல்லா தூங்குச்சுங்க, அதுக்கும் மேல, அந்த அப்பா அம்மாவுக்கு நம்மளால சமாளிக்க முடியும்ங்கற தைரியம் அதிகமா இருந்துச்சு, இன்னொரு குரூப்புல நாளாக நாளாக டென்ஷன்தான் ஏறுச்சு. வெறும் நாலு கிளாஸ்ங்க. பேக் ரெடி பண்றோம், பேர் தேடறோம், குட்டி குட்டி சட்டைய துவைச்சு மடிச்சு வைக்கறோம், இந்த ஒண்ணுக்கு மட்டும் யாரும் நேரம் ஒதுக்கறதில்ல.

சரி, அடுத்தது. முழிக்கறதே பிரச்சனைன்னு நினைக்கறது. முழிக்காத குழந்தையே கிடையாது, ஏன் நீங்களும் நானும்கூட ராத்திரி பல தடவ லேசா முழிச்சு, புரண்டு படுத்து, காலையில அது ஞாபகமே இல்லாம எந்திரிக்கறோம். நமக்கு ஒரு தூக்கச் சுற்று சுமார் 90 நிமிஷம்னா பச்சைக்குழந்தைக்கு 50, 60 நிமிஷம்தான், அதுலயும் பாதி நேரம் ஆக்டிவ் ஸ்லீப்னு சொல்ற தூக்கம். அந்த நேரத்துல குழந்தை முகத்த சுளிக்கும், முனகும், நெளியும், கைய கால உதறும், சில சமயம் கண்ண அரைகுறையா தொறந்து ஒரு சின்ன அழுகைகூட அழும். அத்தனையும் தூக்கத்துலதான்.

என் பெரியவ பொறந்து ரெண்டாவது வாரம். ராத்திரி ரெண்டு மணி இருக்கும், தொட்டில்லேர்ந்து "ம்ம்ங்... ம்ம்ங்"னு ஒரு சத்தம், நான் பாய்ஞ்சு போயி தூக்கி மார்ல போட்டேன். அவ கண்ணு மூடித்தான் இருந்துச்சு, வாயக்கூட தொறக்கல, ஆனா நான் தூக்குன வேகத்துல ரெண்டு கையும் விரிஞ்சு தூக்கிவாரிப் போட்டுச்சு, அப்பதான் நெஜமா முழிச்சா, அப்பதான் நெஜமா அழுதா. ஒவ்வொரு ராத்திரியும் இப்படி மூணு நாலு தடவ. தூங்கிட்டு இருந்த குழந்தைய நானே எழுப்பிட்டு, அது சரியா தூங்கமாட்டேங்குதுன்னு வாரக்கணக்கா அழுதிருக்கேன். சின்னவன் பொறந்தப்ப வேற ஒண்ணுமே புதுசா பண்ணல, தொட்டில் பக்கத்துல உக்காந்து ஒரு நிமிஷம், சில சமயம் ரெண்டு நிமிஷம், கைய மடியில வச்சுட்டு பாத்தேன், அவ்ளோதான். பாதி தடவ முனகல் அதுவா அடங்கி மூச்சு சீராயிடும். மீதி பாதி தடவ வாய தொறந்து தலைய அப்படி இப்படி திருப்பி கைய சப்பும், அது பசி, உடனே தூக்கணும். அழவிட்டு பாக்கறதுன்னு இத தப்பா எடுத்துக்காதீங்க, தூங்குதா முழிச்சிருக்கான்னு தெரிஞ்சுக்க எடுத்துக்கற நேரம் இது, நெஜமா அழுதா ஒரு செகண்ட் யோசிக்காம தூக்குங்க.

இப்ப, எனக்கு எல்லாத்துலயும் முக்கியமா படற விஷயம். ஒவ்வொரு தடவயும், ஒண்ணு விடாம, பால் குடிச்சுட்டே அசந்து போறவரைக்கும் இல்லன்னா தோள்ல போட்டு ஆட்டி ஆட்டி நல்லா அசர்ற வரைக்கும் காத்திருந்து அப்புறம் பூ மாதிரி படுக்க வைக்கறது. குழந்தை கண்ண மூடுனப்ப தோள் இருந்துச்சு, நெஞ்சுச் சத்தம் இருந்துச்சு, ஆட்டம் இருந்துச்சு, ஒரு மணி நேரம் கழிச்சு லேசா முழிச்சுப் பாத்தா அது எதுவுமே இல்ல. அதுக்குத் தெரிஞ்ச ஒரே வழி கூப்பிடறது, கூப்பிடுது, நாம மறுபடி அதே தோள், அதே ஆட்டம். முதல் ரெண்டு மாசத்துல இத நினைச்சு மனச போட்டு உழப்பிக்க வேணாம், பச்சைக்குழந்தை மார்லயே தூங்கறது இயற்கை, அந்த நெருக்கம் அதுக்கு வேணும், உங்களுக்கும் வேணும். ஆனா ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவ, குழந்தை வயிறு நிறைஞ்சு ஏப்பம் விட்டு கண்ணு சொக்கற நேரத்துல, முழுசா தூங்கறதுக்கு முன்னாடியே படுக்கையில விட்டுப் பாருங்க. அது அழுதா தூக்கிக்கோங்க, தோத்துட்டோம்னு ஒண்ணும் இல்ல, நாளைக்குப் பாக்கலாம்.

படுக்க வைக்கறதுலயும் ஒரு கைப்பக்குவம் இருக்கு. தலைய முதல்ல இறக்கினா விழற மாதிரி தோணி கை விரிஞ்சு முழிச்சுக்கும், அது மோரோ ரிஃப்ளெக்ஸ், நாலஞ்சு மாசம் வரைக்கும் இருக்கும். அதனால மொதல்ல பாதம், அப்புறம் இடுப்பு, கடைசியா தலை. வச்சதும் கைய எடுத்துடாம, ஒரு கை நெஞ்சு மேல, இன்னொரு கை அதோட ரெண்டு குட்டிக் கையயும் சேத்துப் புடிச்சு, அது ஒரு பெருமூச்சு விடறவரைக்கும் இருங்க, அப்புறம் பாரத்த மட்டும் கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு கைய எடுங்க. இத கிளாஸ்ல ஒரு டவல சுருட்டி வச்சு அப்பாக்கள பண்ணச் சொல்வேன், மொதல் தடவ எல்லாரும் தலையத்தான் முதல்ல வைப்பாங்க, அஞ்சாவது தடவ கை தானா சரியா போகும்.

பகல் ராத்திரி குழப்பத்துக்கு வருவோம். பொறந்த குழந்தைக்கு பகல் எது ராத்திரி எதுன்னு தெரியாது, உடம்புக்குள்ள இருக்கற அந்த கடிகாரம் ஓட ஆரம்பிக்கவே ரெண்டு மூணு மாசம் ஆகும். நாம என்ன பண்றோம், குழந்தை தூங்குதுன்னு பகல்ல ஸ்க்ரீன் எல்லாம் இழுத்து விட்டு, வீட்ல எல்லாரையும் குசுகுசுன்னு பேச வச்சு, ராத்திரி டயப்பர் மாத்த பெரிய லைட்ட போட்டு, முழிச்சிருக்கேயான்னு கொஞ்சி சிரிக்க வச்சு, ஃபீட் பண்றப்ப ஃபோன நோண்டிட்டு இருக்கோம், அப்புறம் அது எப்படி கத்துக்கும்? பகல்ல வெளிச்சமும் வீட்டுச் சத்தமும் இருக்கட்டும். ராத்திரி மங்கலான லைட்டு ஒண்ணு, பேச்சு கம்மி, பால், தேவைப்பட்டா டயப்பர், படுக்கை, அவ்ளோதான். அன்புக்கு பகல் முழுசா இருக்கு.

1993-ல பினில்லா, பர்ச்னு ரெண்டு பேர் தாய்ப்பால் மட்டும் குடிச்ச 26 குழந்தைங்கள வச்சு இதோட இன்னொரு விஷயத்தயும் பாத்தாங்க. ராத்திரி 10 மணிக்கும் 12 மணிக்கும் நடுவுல ஒரு ஃபீட் கட்டாயம் குடுக்கறது, அதுக்கப்புறம் முழிச்சா உடனே பால் குடுக்காம டயப்பர் மாத்தி, கொஞ்சம் தூக்கிட்டு நடந்து, இடைவெளிய மெதுவா நீட்டறது. 8 வாரத்துல இப்படி பண்ண குரூப்புல எல்லா குழந்தையும் ராத்திரி 12லேர்ந்து 5 வரைக்கும் தூங்குச்சு, இப்படி பண்ணாத இன்னொரு குரூப்புல 23 சதவீதம்தான். நாள் முழுக்க குடிச்ச பால்ல வித்தியாசம் இல்ல, காலையில சேத்துக் குடிச்சுக்குச்சுங்க. சின்ன ஆராய்ச்சிதான், எடை நல்லா ஏறுற ஆரோக்கியமான குழந்தைக்குத்தான் இது, குறைமாசத்துல பொறந்ததுக்கோ எடை ஏறாததுக்கோ டாக்டர கேக்காம ராத்திரி ஃபீட்ல கை வைக்கவே கூடாது. கவனிங்க, அங்க "ராத்திரி முழுக்க தூங்குச்சு"ன்னா 5 மணி நேரம். பக்கத்து வீட்டுக் குழந்தை 10 மணி நேரம் தூங்குதாமேன்னு மனசொடிஞ்சு போறவங்களுக்காகத்தான் சொல்றேன்.

பகல்ல தூங்க விடாம வச்சா ராத்திரி நல்லா அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கும்னு ஒரு நம்பிக்கை, தப்பு. முதல் மூணு மாசம் ஒரு நாளைக்கு 14லேர்ந்து 17 மணி நேரம் தூக்கம் தேவை, ஒரு மணி, ஒண்ணரை மணி நேரம் முழிச்சிருந்தாலே களைச்சுப் போயிடும், அந்த நேரத்த தாண்டிட்டா அசதியில இன்னும் முறுக்கிட்டு அழும், தூங்க வைக்கறது படாத பாடாயிடும். பார்வை எங்கயோ நிலைச்சு நிக்கறது, புருவம் சிவக்கறது, முகத்த உங்க தோள்ல தேய்க்கறது, கொட்டாவி, இதெல்லாம் வந்தா படுக்க வைங்க. அழுகை வந்துட்டா லேட் ஆயிடுச்சுன்னு அர்த்தம்.

பால் பாட்டில்ல கஞ்சி மாவு கலக்கறது, இருமல் சிரப் ரெண்டு சொட்டு விடறது, ரெண்டுமே வேணாம். மாவு கலந்தா நல்லா தூங்கும்ங்கறது உண்மையில்ல, புரையேறுற ஆபத்துதான் உண்டு, முதல் 6 மாசம் தாய்ப்பாலோ ஃபார்முலாவோ போதும். சிரப் உயிருக்கே ஆபத்து.

உயிர்னு சொன்னதும், இத நிதானமா படிங்க. குப்புற போட்டா நல்லா தூங்குதுன்னு சொல்வாங்க, உண்மைதான், ஆழமாத்தான் தூங்கும், சட்டுன்னு முழிக்க முடியாத அந்த ஆழம்தான் ஆபத்தே. 1994-ல அமெரிக்காவுல குழந்தைய மல்லாக்கப் படுக்க வைங்கன்னு பெரிய பிரச்சாரம் ஆரம்பிச்சாங்க, அதுக்கப்புறம் தூக்கத்துலயே குழந்தை திடீர்னு இறந்து போறது பாதிக்கு மேல குறைஞ்சுச்சு. ஒவ்வொரு தடவயும் மல்லாக்க, பகல் தூக்கம் உட்பட. கெட்டியான, சமதளமான மெத்தை, மேல ஒரு விரிப்பு, அதுக்கு மேல குழந்தை, வேற ஒண்ணுமே வேணாம், தலகாணி, கம்பளி, பொம்மை, சுத்தி கட்டற மெத்து எதுவும் வேணாம். உங்க ரூம்லயே, ஆனா தனிப் படுக்கையில, குறைஞ்சது 6 மாசம். துணியில சுத்தி வைக்கறவங்க குழந்தை புரள முயற்சி பண்ற அன்னைக்கே சுத்தறத நிறுத்திடணும்.

இதுல எல்லாருக்கும் தெரியாத ஒண்ணு, சோஃபா. பெட்ல வச்சு ஃபீட் பண்ணா தூங்கிடுவோமோன்னு பயந்து எழுந்து போயி சோஃபாவுல உக்காருவாங்க, அங்கயே கண்ணு அசந்துடும், குழந்தை கைக்கும் சோஃபா இடுக்குக்கும் நடுவுல சரிஞ்சு மூக்கு அடைபட்டுடும். படுக்கையில தூங்கிப் போறத விட சோஃபா பல மடங்கு ஆபத்து. கண்ணு சொருகுதுன்னா இன்னொருத்தர எழுப்பி குழந்தைய குடுங்க, யாரும் இல்லன்னா தலகாணி போர்வைய எல்லாம் ஒதுக்கின பெட்ல உக்காந்து குடுக்கறது எவ்வளவோ மேல், கண்ணு முழிச்ச உடனே குழந்தைய அதோட படுக்கைக்கு மாத்திடுங்க.

அதனாலதான் தூக்கத்த அம்மா ஒருத்தி தலையில கட்டறத நான் தவறுன்னே சொல்றேன். ஒன்பது மணிலேர்ந்து ஒரு மணி வரைக்கும் ஒருத்தர், அதுக்கப்புறம் இன்னொருத்தர், இத குழந்தை வர்றதுக்கு முன்னாடியே பேசி முடிவு பண்ணுங்க. வீட்ல ஒத்தாசைக்கு வர்ற அம்மாகிட்ட, அத்தைகிட்ட, "அத்தை, மல்லாக்கத்தான் போடணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க"ன்னு இப்பவே சொல்லி வைங்க, ராத்திரி அசதியில சொன்னா அது சண்டையா மாறும்.

ஆறாவது வாரம் வாக்குல அழுகை உச்சத்துக்குப் போகும், மூணு நாலு மாசத்துல தணியும், இது உங்க வளர்ப்புக் குறை இல்ல. தாங்க முடியாம கை நடுங்குதா, குழந்தைய மல்லாக்க தொட்டில்ல விட்டுட்டு பக்கத்து ரூமுக்குப் போயி பத்து நிமிஷம் மூச்சு விடுங்க, குழந்தைய உலுக்க மட்டும் கூடாது, மூளையில ரத்தம் கசியும். நாலு மாசத்துல நல்லா தூங்குன குழந்தையும் மறுபடி முழிக்க ஆரம்பிக்கும், தூக்கத்தோட அமைப்பே மாறுற வயசு அது, அந்த நேரத்துல பயந்து போயி புதுப் பழக்கம் எதையும் ஆரம்பிச்சுடாதீங்க. அழவிட்டு பழக்கற முறையெல்லாம் ஆறு மாசத்துக்கு முன்னாடி வேணவே வேணாம்.

3 மாசத்துக்குள்ள 38 டிகிரி செல்சியஸோ (100.4 ஃபாரன்ஹீட்) அதுக்கு மேலயோ காய்ச்சல், மூச்சு விட்டு விட்டு வர்றது, தினமும் சத்தமான குறட்டை, பாலுக்குக்கூட எழுப்ப முடியாத தூக்கம், எடை ஏறாம இருக்கறது, இதெல்லாம் பழக்கத்தால வர்றது இல்ல, உடனே டாக்டர்கிட்ட போகணும். அதே மாதிரி குழந்தை தூங்குற நேரத்துலயும் அம்மாவுக்கு தூக்கம் வரல, எதுலயும் ஒட்டாம சும்மாவே அழுகை வருது, ரெண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருக்குன்னா அதையும் டாக்டர்கிட்ட வாய் விட்டு சொல்லுங்க, கூட இருக்கறவங்க கவனிச்சு கூட்டிட்டுப் போங்க.