60 கற்களும் ஒரு முறுமுறுப்பும்: திராட்சத்தோட்ட உவமையை வேதபாடமாக நடத்தும் முறை

மத்தேயு 20:1-16இல் ஓர் எஜமான் தன் திராட்சத்தோட்டத்துக்கு விடியல்முதல் மாலைவரை ஐந்து முறை ஆட்களை அழைக்கிறார்; முடிவில் எல்லாருக்கும் ஒரே கூலி கொடுக்கிறார்; விடியலில் வந்தவர்கள் முறுமுறுக்கிறார்கள். இதை வேதபாடத்துக்கு எடுப்பவர்கள் பலரும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். வாசித்த கையோடு "இது கிருபையைப் பற்றிய உவமை" என்று சொல்லிவிடுகிறார்கள். அதன்பின் யாருக்கும் கேட்க எதுவும் இருப்பதில்லை. விடியற்காலையில் வந்தவனுடைய புகார் கூட்டத்தில் உள்ள எல்லாருக்கும் நியாயமாகப் படவேண்டும். படாவிட்டால் எஜமானின் பதில் காற்றில் போகும். கீழே வரும் முறை சுமார் 10 பேருக்கு, 75 நிமிடங்களுக்கு. முதல் 40 நிமிடங்கள் முடியும்வரை நடத்துகிறவர் 'கிருபை' என்ற சொல்லை எடுக்கவே கூடாது.

தேவையானவை: 60 சிறு கற்கள் அல்லது பொத்தான்கள், 5 துண்டுச்சீட்டுகள், எழுத ஒரு பலகை. சீட்டுகளில் விடியல், மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி, பதினோராம் மணி என்று எழுதுங்கள். இவை சூரிய உதயத்திலிருந்து எண்ணும் மணிகள். நம் கடிகாரத்தில் ஏறக்குறைய காலை 6, 9, நண்பகல் 12, மாலை 3, 5. இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் "மூன்றாம் மணி" என்றதும் பாதிப் பேர் பிற்பகல் மூன்று என்று எடுத்துக்கொள்வார்கள், கணக்கு முழுவதும் குழம்பும்.

வாசிப்பை 20:1இல் தொடங்காதீர்கள், 19:27இல் தொடங்குங்கள். எல்லாவற்றையும் விட்டு வந்த எங்களுக்கு என்ன கிடைக்கும் என்று பேதுரு கேட்கிறார்; அந்தக் கேள்விக்கான பதிலின் தொடர்ச்சிதான் உவமை. கிரேக்க மூலத்தில் 20:1இல் 'ஏனென்றால்' என்ற இணைப்புச் சொல்லே இருக்கிறது. நடுவில் கோடு போட்டது 13ஆம் நூற்றாண்டில் வந்த அதிகாரப் பிரிவு. இந்தத் தொடர்ச்சியை விட்டால், முறுமுறுக்கிறவர்கள் யாரோ பரிசேயர் என்று குழு நிம்மதியாக உட்கார்ந்துவிடும். கேள்வி கேட்டவர் முதல் சீஷர்களில் ஒருவர்.

7ஆம் வசனம் வரை வாசித்ததும் நிறுத்துங்கள். ஐந்து பேருக்குச் சீட்டைக் கொடுங்கள். 12 கற்கள் ஒரு பணம், அதாவது திருவிவிலியம் மொழிபெயர்ப்பில் ஒரு தெனாரியம். கூலியாளின் ஒரு நாள் கூலி. மணிக்கு ஒரு கல் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றவர்களிடம், "நீங்கள்தான் காரியக்காரன். கூலியைப் பிரியுங்கள்" என்று சொல்லுங்கள். 12, 9, 6, 3, 1 என்று வைப்பார்கள். மொத்தம் 31. பலகையில் எழுதுங்கள். ஒரு கல்லை வைத்துக்கொண்டு அவன் வீட்டில் எப்படிச் சாப்பிடுவார்கள் என்று யாராவது கேட்டால், பதில் சொல்லாமல் அந்தக் கேள்வியையும் பலகையில் எழுதி வையுங்கள்.

கற்களைத் திரும்ப வாங்கிக்கொண்டு 8 முதல் 12 வரை வாசியுங்கள். இப்போது எஜமான் சொன்ன வரிசையிலேயே, பிந்தி வந்தவனிடமிருந்து தொடங்குங்கள். பதினோராம் மணிக்காரருக்கு 12 கற்கள். அங்கேயே நின்று, விடியலில் வந்தவரிடம் "உங்களுக்கு எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேளுங்கள். அவர் 12ஐவிடப் பெரிய எண்ணைச் சொன்னாலே போதும், பாடம் பாதி நடந்துவிட்டது. பிறகு எல்லாருக்கும் 12. வரிசையைத் தலைகீழாக்கி முதல்வனுக்கு முதலில் கொடுத்திருந்தால் அவன் மகிழ்ச்சியாக வீட்டுக்குப் போயிருப்பான், முறுமுறுப்பே வந்திராது. எஜமான் வேண்டுமென்றே அவனைப் பார்க்க வைக்கிறார்.

இனி அவசரப்படாதீர்கள். "இது சரியா?" என்று கேட்டுவிட்டுப் பத்து நிமிடமாவது பேச விடுங்கள். "சரிதான்" என்று பக்தியோடு சொல்கிறவரை உடனே ஆமோதிக்க வேண்டாம். விடியல் சீட்டை அவர் கையில் கொடுத்து, வெயிலில் 12 மணி நேரம் நின்றபின் மறுபடி சொல்லச் சொல்லுங்கள்.

அதன்பின் கணக்கு. கொடுத்தது 60, நியாயப்படி வந்தது 31. மீதி 29 கற்கள் யாரிடமிருந்து வந்தன? விடியலில் வந்தவரின் கையைத் திறந்து எண்ணச் சொல்லுங்கள். இரண்டு முறையும் 12. ஒரு கல்கூட அவரிடமிருந்து போகவில்லை. 29ம் எஜமானின் பை. இந்த உவமையில் யாரும் நியாயத்துக்குக் குறைவாகப் பெறவில்லை, நால்வர் அதற்கு மேலே பெற்றார்கள். 'கிருபை' என்ற சொல்லை இங்கே எடுங்கள். ரோமர் 4:4ஐ வாசித்தால் பொருந்தும்: கிரியை செய்கிறவனுக்கு வருவது கடன், கிருபையல்ல.

13 முதல் 15 வரையுள்ள எஜமானின் பதிலைச் சொல் சொல்லாகப் பாருங்கள். "நான் உனக்கு அநியாயஞ் செய்யவில்லை" என்று ஒப்பந்தத்தைக் காட்டித் தொடங்குகிறார். ஆகவே "தேவனுடைய நீதி நமக்குப் புரியாது" என்று நாம் நழுவ இடமில்லை, அவரே வாதாடுகிறார். 15இல் பழைய மொழிபெயர்ப்பு 'வன்கண்ணன்' என்கிறது. மூலத்தில் அது பொல்லாத கண், அதாவது பொறாமைப் பார்வை. நோய் கையில் இல்லை, அடுத்தவன் கையைப் பார்க்கும் பார்வையில்.

ஒரு சிறு எச்சரிக்கை. 7ஆம் வசனத்தில் "நியாயமானபடி கூலி பெற்றுக்கொள்வீர்கள்" என்ற வாக்கு பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறது, மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் இல்லை. குழுவில் இரண்டு மொழிபெயர்ப்புகள் இருந்தால் சர்ச்சை வரலாம். அந்த வாக்கு இல்லாத பிரதிகளின்படி, கடைசியானவன் எந்த வாக்குறுதியும் இல்லாமல் வேலைக்குப் போனான்.

வழக்கமாக வரும் கேள்வி: "அப்படியானால் ஐந்து மணிக்கே வரலாமே?" 7ஆம் வசனத்தைக் காட்டுங்கள். அவர்கள் தூங்கவில்லை, "ஒருவரும் எங்களுக்கு வேலையிடவில்லை" என்கிறார்கள். ரோமர் 6:1-2 இதே குறும்புக் கேள்விக்குப் பதில்தான். "தேவன் ஏன் சிலரை மட்டும்" என்று ரோமர் 9க்குத் தாவினால் தனி நாள் ஒதுக்குங்கள். மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாக வாழலாம் என்ற பெலாகியுவின் போதனையைக் கண்டித்த 418ஆம் ஆண்டு கார்த்தேஜ் திருச்சபைச் சங்கத்துக்குப் பிறகும், 529இல் ஆரஞ்சு நகரில் கூடிய சங்கம் கிருபையைப் பற்றி மறுபடி முடிவெடுக்க வேண்டியிருந்தது. அது 75 நிமிடத்தில் தீராது.

இன்னொன்று இதைவிட முக்கியம். உண்மையிலேயே கூலி பிடிக்கப்பட்டவரோ ஏமாற்றப்பட்டவரோ குழுவில் இருக்கலாம். அவரிடம் இந்த உவமையைக் காட்டி "முறுமுறுக்காதே" என்று சொல்வது வசனத்தைத் திரிப்பது. இங்கே எஜமான் பேசிய கூலியை முழுவதும், அதுவும் நியாயப்பிரமாணம் சொல்கிறபடி (உபாகமம் 24:15) அன்று மாலையே கொடுத்தார். கூலியைப் பிடித்தவனுக்கு யாக்கோபு 5:4 இருக்கிறது. சகேயுவும் கிருபை பெற்றபின் அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பத் தருவதாகச் சொன்னான் (லூக்கா 19:8).

கடைசி 10 நிமிடத்துக்கு லூக்கா 15:25-32. மூத்த மகனும் கணக்கோடுதான் நிற்கிறான்: இத்தனை வருஷம் உழைத்தேன், ஓர் ஆட்டுக்குட்டிகூட இல்லை. தகப்பன் வெளியே வந்து அழைக்கிறார். அவன் உள்ளே போனானா என்று லூக்கா எழுதவில்லை. திராட்சத்தோட்டக் கூலியாள் பணத்தை எடுத்துக்கொண்டு என்ன சொன்னான் என்று மத்தேயுவும் எழுதவில்லை. நீங்களும் முடித்துவைக்க வேண்டாம். ஆளுக்கு ஒரு துண்டுத்தாள் கொடுத்து அவனுடைய அடுத்த வாக்கியத்தை எழுதச் சொல்லுங்கள். வாங்கிப் படிக்காமல் அவரவரிடமே விட்டுவிடுங்கள்.