வாசிக்கத் தயங்கும் சிறுவனுக்கு வாசிப்பைப் பழக்குவது எப்படி?

15 வயது மாணவர்களின் திறனை உலகளவில் மதிப்பிடும் பிசா தேர்வு 2018ஆம் ஆண்டு நடந்தபோது, பங்கேற்ற நாடுகள் அனைத்திலும் வாசிப்பில் மாணவியரே முன்னிலை பெற்றனர். ஓஇசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் உறுப்பு நாடுகளின் சராசரியை எடுத்துக்கொண்டால், ஆண் மாணவர்கள் மாணவியரைவிட 30 புள்ளிகள் பின்தங்கியிருந்தனர். ஆகவே, மகன் புத்தகத்தைத் தொடுவதில்லை என்பதற்காக அவனைச் சோம்பேறி என்று முடிவு கட்ட வேண்டாம். வாசிக்க மறுக்கும் சிறுவர்களில் பலர், வாசிக்க வராததை அந்த மறுப்பினால் மறைத்துக்கொள்கிறார்கள். ஆர்வமூட்டுவதற்கு முன்னால் அந்தச் சிரமத்தைக் கண்டறிவதே முறை.

படி 1: சிரமம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

பிலிப் காஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986இல் முன்வைத்த எளிய விளக்கம் இங்கே மிகவும் பயன்படும். எழுத்துகளைச் சொற்களாக இனங்காணும் திறனையும் மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் கிடைப்பதே வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் என்றார்கள் அவர்கள். பெருக்கல் என்பதால், இரண்டில் ஒன்று பூஜ்யமானாலும் விளைவு பூஜ்யமாகிவிடும்.

வேறு யாரும் இல்லாத நேரத்தில், அவனுக்குப் புதிதான ஒரு பக்கத்தை வாய்விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு அதே அளவு கடினமான இன்னொரு பக்கத்தை நீங்கள் வாசித்துக் காட்டி, என்ன புரிந்தது என்று கேளுங்கள். நீங்கள் வாசித்ததைத் தெளிவாகச் சொல்லிவிட்டு, தான் வாசிக்கும்போது மட்டும் திணறினால் அவனுக்கு எழுத்துக்கூட்டுவதில் பயிற்சி தேவை. தடையின்றி வாசித்தும் பொருள் சொல்ல முடியாவிட்டால் சொல்வளமும் பொது அறிவும் வளர வேண்டும். அதற்கு உரையாடலும் வாசித்துக் காட்டுதலும் உதவும். கண்பார்வை, செவித்திறன் இரண்டையும் இப்போதே பரிசோதித்துவிடுவது நல்லது.

படி 2: தேர்வை அவனிடம் விடுங்கள்

விளையாட்டுச் செய்தி, காமிக்ஸ், பூச்சிகளைப் பற்றிய படப்புத்தகம், இயந்திரங்களின் செயல்முறைக் குறிப்பு என எதுவும் வாசிப்புதான். கதைப்புத்தகம் மட்டுமே உயர்ந்தது என்ற எண்ணத்தைப் பெரியவர்கள் கைவிட வேண்டும். அதேபோல், சிறுவர்கள் என்றாலே சாகசமும் வண்டிகளும்தான் பிடிக்கும் என்று நாமே அலமாரியைக் குறுக்குவதும் தவறு, ஏனெனில் உறவுகளையும் உணர்வுகளையும் பேசும் கதைகளில் ஆழ்ந்துபோகும் சிறுவர்கள் எத்தனையோ பேர். ஒரு பக்கத்தில் தெரியாத சொற்கள் ஐந்துக்கு மேல் வந்தால் அந்தப் புத்தகத்தை அவன் தனியாக வாசிக்க வேண்டாம். உங்களோடு சேர்ந்து வாசிக்கலாம். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் மூடிவைக்கும் உரிமையும் அவனுக்கு இருக்கட்டும்.

படி 3: இணைந்து வாசியுங்கள்

இந்த ஒரு படிக்காவது கட்டாயம் நேரம் ஒதுக்குங்கள். வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு 5 முதல் 15 நிமிடம் வரை போதும். அருகருகே அமர்ந்து, இருவரும் ஒரே நேரத்தில், அவனுடைய வேகத்துக்கு ஏற்ப வாய்விட்டு வாசியுங்கள். தனியாக வாசிக்கலாம் என்று தோன்றும்போது அவன் மேசையில் மெல்லத் தட்டட்டும். உடனே நீங்கள் நிறுத்திவிட வேண்டும். அவன் ஒரு சொல்லில் தவறினாலோ தயங்கினாலோ நான்கைந்து விநாடிகள் காத்திருங்கள். தானே திருத்திக்கொள்ளாவிட்டால் சரியான சொல்லைச் சொல்லுங்கள். அவன் அதைத் திரும்பச் சொன்னதும், அவன் மறுபடி தட்டும்வரை சேர்ந்தே வாசியுங்கள். "இதுகூடத் தெரியாதா?" என்ற கேள்வி ஒருபோதும் வரக்கூடாது. தவறினால் அவமானம் இல்லை, துணை கிடைக்கும் என்பதை உணரும் சிறுவன்தான் கடினமான வரிக்குள் துணிந்து நுழைவான். பிடித்த பகுதியை அவன் மீண்டும் மீண்டும் வாசிக்க விரும்பினால் தடுக்காதீர்கள். சரளம் அப்படித்தான் வருகிறது.

படி 4: வாசித்ததைப் பேச்சாகவும் எழுத்தாகவும் மாற்றுங்கள்

பாடம் ஒப்புவிக்கச் செய்வதுபோல் கேள்விகளை அடுக்க வேண்டாம். "அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று நினைக்கிறாய்?" என்ற ஒரு கேள்வி போதும். படத்துக்கு ஒரு வரி விளக்கம், தான் உருவாக்கிய விளையாட்டின் விதிகள், நண்பனுக்கு ஒரு குறிப்பு எனத் தேவையுள்ள எழுத்து வேலைகளைக் கொடுங்கள்.

படி 5: வாசிப்புக்கு விலை வைக்காதீர்கள்

படம் வரைவதில் ஏற்கெனவே ஆர்வமுள்ள சிறு குழந்தைகளுக்குப் பரிசு தருவதாக முன்கூட்டியே சொல்லி வரையச் செய்தபோது, பின்னர் அவர்கள் தாமாக வரையும் நேரம் குறைந்ததை 1973இல் வெளியான மார்க் லெப்பர் குழுவினரின் ஆய்வு காட்டியது. புத்தகத்துக்கு இத்தனை ரூபாய் என்று பேரம் பேசுவதைவிட, வீட்டில் அப்பாவும் அண்ணனும் வாசிப்பதை அவன் காண்பது நல்லது.

அவன் தனியாக வாசிக்கத் தொடங்கிய பிறகும் வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். கேட்டுப் புரிந்துகொள்ளும் திறன் பல ஆண்டுகளுக்கு வாசிப்புத் திறனைவிட முன்னே செல்லும் என்பதால், அவன் தானாக எட்ட முடியாத சொற்களை உங்கள் குரல் வழியாகவே பெறுவான். சில மாதங்கள் தவறாமல் பயிற்சி செய்தும் எழுத்துகளை இனங்காண்பதில் தடுமாற்றம் நீடித்தால், டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு இருக்கிறதா என்று சிறப்புக் கல்வியாளரிடம் மதிப்பீடு செய்யக் கேளுங்கள்.