பிரீமியம் பெட்ரோலில் நின்ற சத்தம், காரணம் வேறு

இ20 பெட்ரோல் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) வருவதற்கு முன் நடந்தது. சேலத்திலிருந்து ஏற்காடு ஏறும்போது, மூன்றாவது கியரில் ஆக்ஸிலேட்டரைத் திருகினாலே என் பழைய 150 சிசி பைக்கில் உலோகம் தட்டுகிற மாதிரி ஒரு சத்தம். பங்க்கில் இருந்த தம்பி, "அண்ணா, 95 ஆக்டேன் பிரீமியம் போட்டுப் பாருங்க" என்றார். போட்டேன். கொண்டை ஊசி வளைவுகளில்கூட சத்தம் இல்லை.

ஆனால் எனக்கு நெருடியது. கையேட்டில் 91 ஆக்டேன் போதும் என்றுதான் இருக்கிறது; புதிதில் அதிலேயே ஓடிய வண்டிதானே? ஆக்டேன் எண் கூடுவதால் பெட்ரோலின் சக்தி கூடாது. அழுத்தத்திலும் சூட்டிலும், சுடர் வந்து சேருமுன் தானாகப் பற்றிக்கொள்ளாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. அப்படியானால் இன்ஜினுக்குள் ஏதோ மாறியிருக்க வேண்டும்.

மெக்கானிக்கிடம் இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றச் சொன்னேன். பிஸ்டன் தலையில் கரி அடையாகப் படிந்திருந்தது. கரி இடத்தை அடைத்தால் கம்ப்ரஷன், அதாவது உள்ளே பெட்ரோல் கலவை நசுங்கும் அழுத்தம், ஏறும். சூடும் சரியாக வெளியேறாது. அதனால்தான் 91 ஆக்டேன் பெட்ரோல் தாங்காமல் தானாகப் பற்றிக்கொண்டு அந்தச் சத்தம் வந்தது. சுரண்டிச் சுத்தம் செய்து, ஹெட் கேஸ்கெட்டும் ஸ்பார்க் பிளக்கும் புதிதாக மாட்டினார். கையேட்டில் உள்ள அதே பிளக் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அதற்குப் பிறகு சாதா பெட்ரோலிலேயே வண்டி சத்தமில்லாமல் மலையேறியது.

டர்போ கார், கம்ப்ரஷன் அதிகமான பைக் வைத்திருப்பவர்கள், கையேடு 95-க்கு மேல் கேட்டால் அதற்கேற்ற பிரீமியத்தைத் தாராளமாகப் போடலாம்; அந்தக் காசு வீண் இல்லை. மற்றவர்களுக்கு அவசியமே இல்லை. இப்போது வரும் இ20 பெட்ரோலுக்கே ஆக்டேன் 95 என்கிறது அரசு.