மாஸ்க் போட்டால் மட்டும் போதாது, மூக்கும் உள்ளே இருக்கட்டும்

காய்ச்சல் பரவுகிறது என்று செய்தி வந்தால் மாட்டுத்தாவணி பஸ் நிலையத்தில் மாஸ்க் போட்டவர்கள் கூடிவிடுவார்கள். ஆனால் பலருக்கு அது தாடையில்தான் தொங்கும். அதிலும் போன் வந்தால் மாஸ்க்கை இறக்கிவிட்டுப் பேசுவது பெரிய வேடிக்கை. பேசும்போதுதானே எச்சில் துளி அதிகம் தெறிக்கும்!

மெடிக்கல் ஷாப்பில் வாங்கும் மூன்றடுக்கு மாஸ்க்கில் நீலப் பக்கம் வெளியே, வெள்ளைப் பக்கம் உள்ளே. கம்பி உள்ள ஓரம் மேலே வர வேண்டும். கம்பியை மூக்குத் தண்டோடு ஒட்ட அழுத்தி, மடிப்பைத் தாடைக்குக் கீழ்வரை இழுத்துவிடுங்கள். டீ குடிக்கக் கழற்றினால் காது நாடாவைப் பிடித்துக் கழற்றுங்கள், முன்பக்கத்தைத் தொடாதீர்கள்.

அப்புறம், இதைத் துவைத்துக் காயப்போடும் பழக்கம். நடு அடுக்கில் இருக்கும் பாலிபுரொப்பிலீன் இழைகளில் நிலைமின்சாரம் ஏற்றியிருப்பார்கள். நுண்துகள்களைப் பிடிப்பதில் அதற்குப் பெரிய பங்கு. சோப்புத் தண்ணீர் பட்டால் அந்தச் சக்தி போய்விடும். காய்ந்தபின் பார்க்கப் புதுசு போலத்தான் இருக்கும், முன்புபோல் வடிகட்டாது. மதுரை வெயிலில் வியர்த்து நனைந்துவிட்டாலும் மாற்றிவிட வேண்டியதுதான். துவைத்துப் போட வேண்டுமென்றால் துணி மாஸ்க் வாங்கிக்கொள்ளுங்கள்.

வால்வு வைத்த என்95 இருமுகிறவர்களுக்குச் சரிவராது. விடும் மூச்சு வடிகட்டாமல் வெளியேறும். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்த மாஸ்க்கும் வேண்டாம், மூச்சு முட்டும்.

கழற்றியதை மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு, 20 நொடியாவது சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.