காது கேளாதவர் கசிவு பிடிக்க: நாங்கள் விடும் தவறுகள்

பரந்தனில் ரயர் ஒட்டும் கடை வைத்திருக்கும் அண்ணை ஒருவருக்கு 2009இல் கிட்ட விழுந்த ஷெல்லோடு காது பாதி போய்விட்டது. லொறி வருவது கேட்கும். கதைப்பதும் ஓரளவு விளங்கும். கொம்பிரசர் குழாயில் காற்று 'உஸ்' என்று போவது மட்டும் கேட்காது. வெடிச் சத்தம் பெரும்பாலும் கீச்சென்ற உயர் சத்தங்களைக் கேட்கும் திறனைத்தான் முதலில் கெடுக்கும். கசிவின் 'உஸ்' இருப்பதும் அங்கேதான்.

முதல் தவறு என்னுடையது. காற்று கசியும்போது மனிதக் காதுக்கு எட்டாத சத்தமும் எழும். மீயொலிக் கருவி 40 கிலோஹேர்ட்ஸ் அளவில் அதைப் பிடித்து, கேட்கக்கூடிய சத்தமாக இறக்கித் தரும். நான் வாங்கிக் கொடுத்ததில் ஹெட்போன் மட்டுந்தான். இறக்கிய சத்தமும் அவருக்குக் கேட்காத 'உஸ்'ஸாகவே வந்தது. பிறகு விளக்கு வரிசை உள்ள ஒன்றை எடுத்தோம். குழாயோடு மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். ஒரு பச்சை, இரண்டு பச்சை, கிளிப் பக்கம் வந்ததும் சிவப்பு. அங்கே சவர்க்காரத் தண்ணீரைப் பூசினார், குமிழி வந்தது. தலைமயிர் அளவு வெடிப்பு!

காது மெசின் போட்டிருக்கிறாரே, கேட்கும்தானே என்று நினைக்காதீர்கள். பல டிஜிட்டல் மெசின்கள் ஒரே சீராக வரும் இரைச்சலை வேண்டாத சத்தம் என்று எடுத்துக் குறைத்துவிடும். அவர் கவனிக்கவில்லை என்று ஏசுவது அநியாயம்.

போனில் டெசிபல் மட்டும் காட்டும் செயலியும் உதவாது, மோட்டர் சத்தம் எல்லாவற்றையும் மூடிவிடும். சத்தத்தைப் படமாக விரித்துக் காட்டும் செயலி வேண்டும். தாங்கியில் காற்று நிறைந்ததும் மோட்டரை நிறுத்திவிட்டுப் பாருங்கள். இன்னும் லேசான வழி, தாங்கியின் அழுத்த மீற்றர் முள் நிற்கும் இடத்தில் சோக்கால் கோடு போட்டு, அரை மணித்தியாலம் கழித்து முள் இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது.

வெறுங்கையால் குழாயைத் தடவித் தேட விடவே வேண்டாம். அழுத்தக் காற்று தோலுக்குள்ளேயே ஏறிவிடலாம்.

சமையல் காஸ் வேறு விஷயம். அதன் அழுத்தம் குறைவு, சிறு கசிவை மீயொலிக் கருவி தவறவிடலாம். நெருப்புக்குச்சி கொளுத்திப் பார்க்காமல் சவர்க்காரத் தண்ணீர் பூசுங்கள். காஸ் காற்றை விடக் கனமானது, கீழே தேங்கும். ஆகவே அலாரத்தை நிலத்துக்குக் கிட்டப் பூட்ட வேண்டும். சத்தம் மட்டும் போடும் அலாரத்தை எடுக்காதீர்கள். விளக்கு மின்னுவதாக, அவர் தனியே நித்திரை கொள்வாரென்றால் தலையணைக்குக் கீழே அதிர்வதாகவும் இருக்க வேண்டும்.