நெதர்லாந்தில் ஊழியர் குழுவின் ஒப்புதல்: புதியவர்கள் கோட்டைவிடும் இடங்கள்

நெதர்லாந்தில் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் ஊழியர் குழு (ஊழியர்கள் தேர்ந்தெடுத்து, அவர்கள் சார்பில் நிர்வாகத்திடம் பேசும் குழு) கட்டாயம். 2022 முதல், மூன்று மாதம் வேலை பார்த்தவர் தேர்தலில் நிற்கலாம். அதனால் புதியவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள். அவர்களுக்குப் பயிற்சி தரும்போது திரும்பத் திரும்பப் பார்ப்பவை இவை.

ஒப்புதல் இல்லாத முடிவு தானாகவே செல்லாது என்று நம்புவது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துவது இதுதான். வேலை நேரம், விடுப்பு, கண்காணிப்பு போன்ற விதிகளை மாற்ற, ஊழியர் குழுச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி குழுவின் ஒப்புதல் வேண்டும். ஒரு டெலிவரி நிறுவனம் அதைக் கேட்காமலே, ஓட்டுநர்களைக் கண்காணிக்க வேன்களில் ஜிபிஎஸ் பொருத்தப்போவதாக மின்னஞ்சலில் அறிவித்தது. குழுவினர் கொதித்துப்போய்க் கூட்டத்தில் காரசாரமாகப் பேசினார்கள். "எப்படியும் செல்லாதே" என்று அதோடு விட்டுவிட்டார்கள்.

என்னிடம் வந்தபோது ஆறு வாரம் ஓடியிருந்தது. முடிவைத் தெரிவித்த நாளிலிருந்தோ, தெரிவிக்காமல் அமல்படுத்துவது தெரியவந்த நாளிலிருந்தோ, ஒரு மாதத்துக்குள் "இந்த முடிவு செல்லாது" என்று குழு எழுத்தில் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் முடிவு நிற்கும். அந்த வேன்களில் ஜிபிஎஸ் அப்படித்தான் நின்றது.

கடிதம் போயிருந்தால் அலைச்சல் நிர்வாகத்துக்குத்தான். குழுவின் மறுப்பு நியாயமற்றது என்றோ, தொழிலுக்கு மிக முக்கியமான காரணம் இருக்கிறது என்றோ கன்டோன் நீதிபதியிடம் (வேலை தொடர்பான வழக்குகளை விசாரிக்கும் கீழமை நீதிபதி) காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்திருக்கும். மீறி அமல்படுத்தினால், தடை கேட்டுக் குழுவும் அதே நீதிபதியிடம் போகலாம். நான்கு வரிக் கடிதம் போதும். மின்னஞ்சல் வந்த அன்றே கெடு தேதியைக் குறித்து வையுங்கள். பேச்சுவார்த்தை நல்லபடியாகப் போகிறது என்பதற்காகக் கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஆலோசனையையும் ஒப்புதலையும் குழப்புவது

நிறுவனத்தை விற்பது, கிளையை மூடுவது எல்லாம் 25ஆம் பிரிவு. அங்கே குழு ஆலோசனைதான் சொல்லும். ஆலோசனைக்கு மாறாக முடிவெடுத்தால் நிர்வாகம் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதற்குள் குழு ஆம்ஸ்டர்டாம் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நிறுவனப் பிரிவுக்குப் போகலாம். வழி வேறு, நீதிமன்றமும் வேறு.

கூட்டு ஒப்பந்தத்தைப் பார்க்காமல் சண்டைக்குப் போவது

தொழிற்சங்க ஒப்பந்தம் அந்த விஷயத்தை ஏற்கெனவே முழுசாகத் தீர்த்திருந்தால் ஒப்புதல் உரிமை கிடையாது. முதலில் அதைப் படியுங்கள்.

சம்மதித்த பிறகு நிபந்தனை போடுவது

ஒப்புதல் கடிதத்திலேயே எழுதுங்கள். அப்புறம் யாரும் கேட்க மாட்டார்கள்.