சமாந்தரத் தடையிகள்: சமன்பாட்டைத் தொடுமுன்னரே நிகழும் தவறுகள்

மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சாதாரண தர விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளிடமோ, உயர்தரப் பௌதிகவியலுக்கு வந்துவிட்ட மாணவர்களிடமோ சமாந்தரத் தடையிகளைப் பற்றிக் கேட்டால், தடைகளின் நிகர்மாறுகளைக் கூட்டும் சமன்பாடுதான் (1/R = 1/R₁ + 1/R₂) முதலில் விடையாக வருகிறது. அந்தச் சமன்பாடு எப்போது பொருந்தும் என்பதை அவர்களுள் பலர் நின்று யோசிப்பதில்லை. ஒரு தடையியின் இரு முனைகளும் எந்த இரண்டு சந்திகளில் இணைந்துள்ளனவோ, மற்றத் தடையியின் இரு முனைகளும் அதே இரண்டு சந்திகளில் இணைந்திருந்தால் மட்டுமே அவை சமாந்தரமானவை. அப்போது இரண்டுக்கும் குறுக்கே உள்ள அழுத்த வித்தியாசம் ஒன்றாகவே இருக்கும். இதை உறுதியாகப் பிடித்துக்கொண்டவர் பின்வரும் தவறுகளில் பெரும்பாலானவற்றைச் செய்யமாட்டார் என்பது என் எண்ணம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, படத்தின் தோற்றத்தை நம்புவதாகும். தாளில் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக வரையப்பட்டிருப்பதால் தடையிகள் சமாந்தரமாகிவிடுவதில்லை. ஒரே கோட்டில் வரையப்பட்டிருப்பதால் தொடராகிவிடுவதும் இல்லை. அ, ஆ, இ, ஈ என்னும் நான்கு புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் உள்ளன என்று கொள்வோம். அ–ஆ இடையே 2 ஓம், ஆ–இ இடையே 3 ஓம், இ–ஈ இடையே 6 ஓம் தடையிகள் உள்ளன. தடை புறக்கணிக்கத்தக்க ஒரு கம்பி அ-வையும் இ-யையும் இணைக்கிறது; அத்தகைய இன்னொரு கம்பி ஆ-வையும் ஈ-யையும் இணைக்கிறது. மேலோட்டமாகப் பார்ப்பவர் இதைத் தொடர் இணைப்பு என்று கருதி 11 ஓம் என்று எழுதிவிடுவார். ஆனால் அ-வும் இ-யும் கம்பியால் இணைந்திருப்பதால் மின்னியல் நோக்கில் ஒரே சந்தி. ஆ-வும் ஈ-யும் அவ்வாறே. முதற் சந்திக்குச் சிவப்பும் மற்றதற்கு நீலமுமாக நிறம் தீட்டிப் பார்த்தால், மூன்று தடையிகளுக்கும் ஒரு முனை சிவப்பிலும் மறு முனை நீலத்திலும் இருப்பது கண்ணுக்குத் தெரியும். ஆகவே மூன்றும் சமாந்தரமானவை; 1/2 + 1/3 + 1/6 = 1 என்பதால் சமவலுத் தடை, அதாவது மூன்றுக்கும் ஈடாக நிற்கும் தனித் தடை, 1 ஓம் மட்டுமே. மின்கலத்தின் நேர் முனையை அ-வில் இணைத்தால், நடுவிலுள்ள 3 ஓம் தடையியில் மின்னோட்டம் மற்ற இரண்டுக்கும் எதிர்த்திசையில், அதாவது இ-யிலிருந்து ஆ-வுக்குப் பாயும் என்பதையும் மாணவர்கள் தாமே வரைந்து கண்டறிய வேண்டும். நிறம் தீட்டும் இந்தச் சிறு வேலைக்குச் செலவாகும் நேரத்தைப் பரீட்சை மண்டபத்திலும் கஞ்சத்தனமின்றிக் கொடுக்கலாம்.

இணைப்பைச் சரியாக இனங்கண்ட பின்னரும் கணிப்பில் சறுக்குவதுண்டு. 6 ஓமும் 3 ஓமும் சமாந்தரமாக இருக்கையில் 1/6 + 1/3 = 1/2 என்று சரியாகக் கூட்டிவிட்டு, விடையை 0.5 ஓம் என்று எழுதிவிடுவது மிகப் பரவலான பிழை. கிடைத்த 1/2 என்பது சமவலுத் தடையின் நிகர்மாறு என்பதால் தடை 2 ஓம் ஆகும். சமவலுத் தடை மிகச் சிறிய தடையியைவிடக் குறைவாக இருக்க வேண்டும் என்ற வழமையான சோதனை இங்கே உதவாது, 0.5-உம் 3-ஐவிடக் குறைவுதானே. இதைவிட இறுக்கமான சோதனை ஒன்று உண்டு. இரண்டு தடையிகளாயின் விடை சிறியதன் அரைப்பங்கைவிடக் குறைய முடியாது; மூன்றாயின் சிறியதன் மூன்றிலொரு பங்கைவிடக் குறைய முடியாது. இங்கே விடை 1.5-க்கும் 3-க்கும் இடையில் வந்தாக வேண்டும் என்பதால், 0.5 பிழை என்பது உடனே தெரிந்துவிடும். பகுதியெண்களைக் கூட்டி 1/9 என்று எழுதுவோரும் இச்சோதனையில் அகப்படுவர்.

இரண்டு தடையிகளுக்கான ‘பெருக்கத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தல்’ என்ற குறுக்கு வழியை மூன்று தடையிகளுக்கு அப்படியே நீட்டக் கூடாது. மூன்று தடைகளின் பெருக்கத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் அலகு ஓமின் வர்க்கமாகிவிடும்; அதுவே போதிய மறுப்பு.

‘மின்னோட்டம் தடை குறைந்த வழியிலேயே செல்லும்’ என்ற கூற்று பலரின் மனத்தில் வேரூன்றியுள்ளது. உண்மையில் மின்னோட்டம் எல்லாக் கிளைகளிலும் செல்லும். தடைக்கு நேர்மாறு விகிதத்தில் பிரிந்து செல்லும். மேற்கூறிய 6 ஓம், 3 ஓம் தடையிகளுக்குக் குறுக்கே 6 வோல்ற்றுக் கொடுத்தால், முறையே 1 அம்பியரும் 2 அம்பியரும் பாயும். புதிய கிளையொன்றைச் சேர்த்தால், அதன் தடை எவ்வளவு பெரிதாயினும், மொத்தத் தடை குறையுமேயன்றிக் கூடாது. கல்லடியில் 1924இல் அமைந்த ஒடுங்கிய பழைய பாலமும் 2013இல் திறக்கப்பட்ட அகன்ற புதிய பாலமும் அருகருகே நிற்கின்றன. பழையது ஒடுக்கமானது என்பதற்காக, வாவியைக் கடப்பது அதனால் மேலும் கடினமாகிவிடுவதில்லை.

இதனோடு ஒட்டிய இன்னொரு தவறு, மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தரும் என்று எண்ணுவது. மின்கலத்தின் உள்ளேயே இருக்கும் தடையான அகத்தடை புறக்கணிக்கத்தக்கதாயின் மாறாதிருப்பது அழுத்த வித்தியாசமே. கிளைகள் கூடக்கூட மொத்த மின்னோட்டம் கூடும், ஏற்கனவே இருந்த கிளையின் மின்னோட்டம் மாறாது. அகத்தடை உள்ளபோது நிலைமை வேறு. 6 வோல்ற்று மின்னியக்கவிசையும் 1 ஓம் அகத்தடையும் கொண்ட மின்கல அடுக்கில் 3 ஓம் தடையி மட்டும் இருந்தால் 1.5 அம்பியர் பாய்ந்து, அதற்குக் குறுக்கே 4.5 வோல்ற்று இருக்கும். 6 ஓம் தடையியைச் சமாந்தரமாகச் சேர்த்ததும் மொத்த மின்னோட்டம் 2 அம்பியராக உயர்ந்து, அழுத்த வித்தியாசம் 4 வோல்ற்றாகக் குறையும். 3 ஓம் தடையிக்கு இப்போது ஏறத்தாழ 1.33 அம்பியரே கிடைக்கும். உயர்தர மாணவர்கள் வினாவில் அகத்தடை தரப்பட்டுள்ளதா என்பதை முதலிலேயே அடிக்கோடிட வேண்டியது இதனால்தான்.

வலுவைப் பற்றிய குழப்பத்தையும் சொல்ல வேண்டும். சமாந்தரத்தில் அழுத்த வித்தியாசம் பொதுவானதால் தடை குறைந்ததே அதிக வலுவைப் பெறும். தொடரில் மின்னோட்டம் பொதுவானதால் தடை கூடியதே அதிக வலுவைப் பெறும். ஒன்றின் முடிவை மற்றதற்குப் பொருத்துவதால் மின்குமிழ் வினாக்களில் புள்ளிகள் வீணாகின்றன.

செய்முறையில் நேரும் தவறுகள் வேறு வகையானவை. சுற்றிலிருந்து கழற்றாமலே ஒரு தடையியைப் பல்மானியால் அளந்தால், அதனோடு சமாந்தரமாக உள்ள மற்றப் பாதைகளும் சேர்ந்தே அளக்கப்படும். 1 மெகா ஓம் போன்ற பெரிய தடையியின் இரு முனைகளையும் விரல்களால் அழுத்திப் பிடித்து அளந்தால் உடலும் ஒரு சமாந்தரக் கிளையாகிவிடும். நம் கரையோரப் புழுக்கத்தில் வியர்த்த கைகளுடன் அளக்கும்போது வாசிப்பு கணிசமாகக் குறையக்கூடும். அம்பியர்மானியைச் சமாந்தரமாக இணைப்பது இவற்றைவிட ஆபத்தானது. அதன் தடை மிகச் சிறிதென்பதால் பெருமளவு மின்னோட்டம் அதனூடாகவே பாய்ந்து உருகியை அல்லது மானியையே அழித்துவிடும்.

வீட்டு மின்சாரத்திலும் இதே கணக்குத்தான். 230 வோல்ற்றில் 2000 வாற்றுக் கேத்தில் ஏறத்தாழ 8.7 அம்பியரையும், 1000 வாற்று அயன் 4.3 அம்பியரையும், 700 வாற்று ரைஸ் குக்கர் 3 அம்பியரையும் எடுக்கும். மூன்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் செருகினால், அவை சமாந்தரக் கிளைகள் என்பதால், பொதுவான அந்த வயரில் 16 அம்பியர் பாயும். வயரில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமானதால், கேத்தில் மட்டும் இயங்கியபோது இருந்ததைவிட அது மூன்று மடங்குக்கும் மேலாகும். செருகியிலுள்ள 13 அம்பியர் உருகி எரிந்துபோவது இந்நிலையில் பழுதன்று; அது தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த உருகியை எடுத்துவிட்டு அதன் இடத்தில் செப்புக் கம்பித் துண்டைச் சுற்றிவைக்கும் வீடுகளில், அடுத்த முறை உருகப்போவது வயரின் காவலுறைதான்.